கொடி ஆடிய வாசல்

களைத்து வரும் பாணனுக்குக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வழி சொல்கிறார். தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்குப் போகிற வழி அது. பெரும்பாணாற்றுப்படை 500 அடிகள் கொண்ட பாட்டு. எந்த நிலத்தில், எந்த வீட்டில், என்ன சாப்பிடக் கிடைக்கும் என்று புலவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். கடற்கரைப் பட்டினத்தை அடைந்ததும் அவர் சொல்வது இது: இளைப்பாற வேண்டுமா, கொடி ஆடுகிற வாசலைப் பார். பலரும் நுழைகிற வாசல். முற்றத்தில் சிவந்த பூ தூவியிருக்கும். உள்ளே பெண்கள் கள் சமைக்கிறார்கள். அவர்கள் வட்டில் கழுவிக் கொட்டிய தண்ணீர் வழிந்து சேறாகிக் கிடக்கிறது, அதில் பன்றிக்குட்டிகள் புரள்கின்றன. அந்தக் கூட்டத்தோடு சேரவிடாமல், குழியில் நிறுத்தி நெல்மாவு ஊட்டிப் பல நாள் வளர்த்த ஆண்பன்றியின் கொழுத்த இறைச்சியோடு உனக்கு நல்ல கள் கிடைக்கும்.

இதைச் சொன்ன கையோடு புலவர் தலையை நிமிர்த்துகிறார். எதிரே கலங்கரை விளக்கம். வானத்துக்கு முட்டுக்கொடுத்தது போல நிற்கிறது. ஏணி சார்த்தினாலும் ஏறுவதற்கு அரிய உச்சி. இரவில் அங்கே ஏற்றிய தீ, கடலில் போகும் கலங்களைத் துறைக்கு அழைக்கிறது.

கள் விற்கும் வீடும் கலங்கரை விளக்கமும் அடுத்தடுத்த அடிகளில் வருகின்றன. இவற்றில் ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்ற எண்ணம் புலவருக்கு இல்லை. ஓர் ஊருக்குப் போகிறவனுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கல்பாக்கத்தை அடுத்த புதுப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் வரை நீளும் கடற்கரையை இன்று பார்க்க வருகிறவருக்கு நாம் காட்டுவது கலங்கரை விளக்கத்தையும் கற்கோயிலையும் மட்டுமே. கொடி ஆடிய வாசலுக்கு என்ன ஆயிற்று என்று தேடிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

இங்கிலாந்தின் பழைய தேவாலய நகரங்களில் வழிபாட்டிடமும் மதுவிடுதியும் பிரியவே இல்லை. நாரிச் நகரத்தை எடுத்துக்கொள்ளலாம். 1096இல் கட்டத் தொடங்கிய பேராலயம், 96 மீட்டர் உயரக் கூம்புக் கோபுரம். அதன் மதிலுக்கு வெளியே சிறிது தூரத்தில் ‘ஆடம் அண்ட் ஈவ்’ என்ற மதுவிடுதி. 1249ஆம் ஆண்டிலேயே அதைப் பற்றிய குறிப்பு உண்டு. பேராலயத்தில் கல் சுமந்தவர்கள் அங்கே குடித்து இளைப்பாறினார்கள் என்பது ஊர் வழக்கு. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மதுவிடுதி, ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு தேவாலயம் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பழைய மதுவிடுதிக் கட்டடங்கள் பலவற்றை அந்த நாடு மரபுச் சின்னங்களாகப் பட்டியலிட்டுக் காக்கிறது. வாசலில் பெயர்ப்பலகை தொங்கும் வழக்கத்துக்கு அங்கே சட்டப் பின்னணியே உண்டு. இரண்டாம் ரிச்சர்டு காலத்தில், 1393இல், ஏல் என்னும் மது விற்கும் வீடு வெளியே அடையாளம் வைக்க வேண்டும் என்று விதித்தார்கள். நம் பட்டினத்துக் கொடி அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. பெரும்பாணாற்றுப்படையில் மட்டுமல்ல, பட்டினப்பாலையிலும் மதுரைக்காஞ்சியிலும் கள் விற்கும் இடத்துக்குக் கொடி உண்டு.

புலவர் சொல்லும் பட்டினம் எது? நீர்ப்பெயற்று என்று பாட்டில் வரும் ஊரை மாமல்லபுரம் என்று கொள்வோரும் உண்டு, வசவசமுத்திரம் என்று கொள்வோரும் உண்டு. வசவசமுத்திரம் புதுப்பட்டினத்துக்குத் தெற்கே, வாயலூரை ஒட்டி, பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே உள்ள சிற்றூர். 1970இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது உறைகிணறுகள் வெளிப்பட்டன. கூடவே ரோமானிய ஆம்போரா சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. ஆம்போரா என்றால் அடி கூம்பி, இருபுறமும் காது வைத்த உயரமான மண்சாடி. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சை மதுவும், ஆலிவ் எண்ணெயும், மீன் சாறும் இந்தச் சாடிகளில்தான் கப்பலேறின. யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்டும் காட்சி புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாண்டியனுக்கு உரியது. அரசன் குடித்த அந்த மது இறங்கிய துறைகளில் ஒன்று பாலாற்று முகத்துவாரமாக இருக்கலாம் என்று நினைக்க அந்த ஓடுகள் இடம் தருகின்றன. என் பார்வையில் வசவசமுத்திரத்துக்கே வாய்ப்பு அதிகம். இது ஓடுகளை வைத்து நான் செய்யும் ஊகம்தான். கல்வெட்டு எதுவும் இதை உறுதி செய்யவில்லை.

யவன மது செல்வர்களுக்கு. வழிப்போக்கனுக்குக் கிடைத்தது வேறு. பட்டினத்தை எட்டுவதற்கு முன்பே, வலைஞர் குடியிருப்பில் பாணனுக்கு ஒரு பானம் கிடைக்கிறது. அதன் செய்முறையைப் புலவர் பக்குவம் பிசகாமல் சொல்கிறார். இந்தப் பாட்டில் என்னை அதிகம் நிறுத்தி வைத்த இடமும் இதுதான்.

குத்தாத அரிசியைக் களியாகக் கிண்ட வேண்டும். அதை வாயகன்ற தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். பிறகு, பாம்பு வாழும் புற்றுக்குள் இருக்கும் கூட்டைப் போலப் பொரபொரவென்று இருக்கிற ஒன்றை அதில் கலக்க வேண்டும். முளைவிட்ட நெல்லை இடித்துச் செய்த அடை அது என்பது உரை. கலந்ததை இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, கெட்டியான வாயுள்ள சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தால் பானம் தயார். சுட்ட மீனோடு கொடுப்பார்கள்.

இதில் மிக நுட்பமான இடம் அந்த முளை நெல். அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டால் அதை நேரே மதுவாக்க முடியாது, முதலில் அது சர்க்கரையாக வேண்டும். தானியம் முளைக்கும்போது மாவைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி அதற்குள்ளேயே சுரக்கிறது. முளை நெல்லை இடித்துக் களியில் சேர்த்தால் களி முழுவதும் இனிப்பேறும், அந்த இனிப்பு புளித்து மதுவாகும். ஆங்கிலேயர் பார்லியை முளைக்கவைத்து, காயவைத்து, இடித்து ஏல் காய்ச்சுவதும் இதே முறைதான். நாரிச் மதுவிடுதியின் பீப்பாயிலும் நம் வலைஞர் வீட்டுச் சாடியிலும் நடந்தது ஒரே வேதியியல். சுண்டக்கஞ்சி என்ற பெயரில் புளித்த சோற்றுப் பானம் ஒன்றைச் சென்னை வட்டாரத்து மூத்தவர்கள் இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள். பாட்டில் வரும் பானத்துக்கும் அதற்கும் நேர் உறவு உண்டா என்பதை வீடு வீடாகப் போய்ப் பேசித்தான் அறிய வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றி நம் கையில் கொடுத்துவிட்டார். எந்த ஆய்வு மாணவராவது இந்தச் சில அடிகளோடு குப்பங்களுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை.

பல்லவர் காலத்துக்கு வந்தாலும் கொடியும் வாசலும் தெரிகின்றன. அவற்றைக் காட்டுகிறவன் ஓர் அரசன். முதலாம் மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மத்தவிலாசப் பிரகசனம் என்ற வடமொழி நாடகத்தை எழுதினான். கதை நடப்பது காஞ்சித் தெருவில். கபாலி எனப்படும் சைவத் துறவி ஒருவனும் அவன் துணைவி தேவசோமாவும் குடித்துவிட்டு வருகிறார்கள். பிச்சை வாங்கும் மண்டையோட்டைக் காணவில்லை. ஒரு பௌத்தத் துறவி மேல் பழி போடுகிறார்கள். கடைசியில் அது ஒரு பித்தனின் கையில் அகப்படுகிறது. நாய் தூக்கிப் போனதை அவன் பிடுங்கி வைத்திருக்கிறான். நாடகத்தில் ஓரிடத்தில் கபாலி கள்ளுக்கடையைப் பார்த்து வியக்கிறான். அவன் கண்ணுக்கு அது வேள்விச்சாலையாகவே தெரிகிறது. கடையின் கொடிக்கம்பம் வேள்வித்தூண், மது சோமரசம், குடிகாரர்கள் வேள்வி செய்கிறவர்கள் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திச் சொல்கிறான்.

இதைக் கேலி என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. மகேந்திரன் மண்டகப்பட்டிலும் பல்லாவரத்திலும் மாமண்டூரிலும் குகைக்கோயில் குடைந்தவன். கோயில் எப்படி இருக்க வேண்டும், தூண் எங்கே நிற்க வேண்டும் என்று யோசித்த அதே கண்தான் கள்ளுக்கடையின் கம்பத்தையும் பார்த்திருக்கிறது. காஞ்சித் தெருவில் கள்ளுக்கடையும் இருந்தது என்பதற்கு, அந்த ஊரை ஆண்டவனே தன் கையால் சாட்சி எழுதி வைத்திருக்கிறான். 2019 நவம்பர் வரை காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் ஒரே மாவட்டம். ஆக அந்தத் தெருவும் இந்தக் கடற்கரையின் பின்கட்டுதான்.

சதுரங்கப்பட்டினத்துக்கு வருவோம். புதுப்பட்டினத்திலிருந்து வடக்கே கல்பாக்கம் நகரியத்தைக் கடந்தால் கடற்கரையில் டச்சுக் கோட்டை. வாசலில் பீரங்கிகள், உள்ளே செங்கல் சுவர்கள், நீண்ட தானியக் கிடங்கு, பூட்டிய கம்பிக் கதவுக்குள் கல்லறைகள். வருகிறவர்களில் பலர் கிடங்கின் நிழலில் படம் எடுத்துக்கொண்டு கால்மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். கல்லறைகளிடம் நின்று பார்க்க வேண்டும். படுக்கையாகக் கிடக்கும் கனமான கற்பலகைகள். ஓரமெங்கும் பூவேலை, நடுவில் குடும்பச் சின்னம், அதன் கீழே இடைவெளியில்லாமல் செதுக்கிய டச்சு எழுத்து. உப்புக்காற்று இத்தனை காலம் அரித்தும் எழுத்தின் விளிம்பு மழுங்கவில்லை. மெல்லிய மஸ்லின் துணிக்காக வந்தவர்கள் இவர்கள். இங்கே நெய்த துணி கப்பலேறிப் போனது, அதை வாங்க வந்த பலர் இந்த மணலிலேயே தங்கிவிட்டார்கள்.

17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே காலூன்றியது. 1754 ஜனவரியில், பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் கர்நாடகப் போரை முடித்துக்கொள்ள முடியுமா என்று பேசிப் பார்க்கக் கூடிய இடம் இதுதான். இரு தரப்புக்கும் பொதுவான ஊர் வேண்டும், டச்சுக்காரர்களின் சதுரங்கப்பட்டினம் அதற்கு வாய்ப்பாக இருந்தது. ஆங்கிலேயர் சார்பில் வந்தவர்கள் ராபர்ட் பால்க்கும் ஹென்றி வான்சிட்டார்ட்டும். பேச்சு முறிந்தது. அதே ஆண்டில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸைப் பிரான்ஸ் திரும்ப அழைத்துக்கொண்டது. 1781இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரி 17 அன்று, இந்தக் கரைக்கு எதிரே கடலில் எட்வர்டு ஹியூஸின் ஆங்கிலக் கப்பற்படையும் சுஃப்ரானின் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. 1818இல் ஊர் டச்சுக்காரர்களிடம் திரும்பியது. 1824 உடன்படிக்கையின்படி, அடுத்த ஆண்டு ஒரேயடியாக ஆங்கிலேயர் கைக்குப் போனது.

கோட்டைக்குள் இருந்தவர்கள் என்ன குடித்தார்கள்? சொற்களே கொஞ்சம் காட்டிக்கொடுக்கின்றன. ஐரோப்பியர் கள்ளை ‘டாடி’ என்றார்கள். பனையைக் குறிக்கும் ‘தாட்’ என்ற வடநாட்டுச் சொல்லிலிருந்து பிறந்த ‘தாடி’தான் அது. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மணப்பொருள் என ஐந்தைக் கலந்து அவர்கள் குடித்த ‘பஞ்ச்’, இந்துஸ்தானியில் ஐந்து என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்று 17ஆம் நூற்றாண்டில் இங்கே பயணம் செய்த ஜான் ஃபிரையர் எழுதினார். ஆக ஐரோப்பியர் நாவில் தங்கிய பெயர்கள் நம் மண்ணுடையவை. ஐரோப்பாவின் விருந்து மேசைகளுக்குப் பஞ்ச் பரவியபோது இந்தப் பெயரும் கூடவே போனது.

அவர்களும் நம்மைப் போல ஊர் சுற்றிப் பார்த்தவர்கள். மேற்கே திருக்கழுக்குன்றத்தில், மலையில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்துக்குப் போனால், கல்லில் டச்சுப் பெயர்கள் செதுக்கியிருப்பதைக் காணலாம். சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்து மலையேறிய கம்பெனிக்காரர்கள் விட்டுப்போன கையெழுத்து. உச்சிவேளையில் கழுகுகளுக்குச் சோறிட்ட அந்த மலை அன்றைக்கே தூரதேசத்தாரை இழுத்திருக்கிறது. வாதாபி கொண்ட நரசிம்மவர்மனின் கல்வெட்டு உள்ள அதே மண்டபத்தில் இவர்கள் பெயரும் கிடக்கிறது. பழைய கல்லில் பெயர் செதுக்குவது தவறுதான். ஆனாலும் முந்நூறு ஆண்டு கடந்தபின் அதுவே ஆவணமாகிவிட்டது. மலையேறியவர்களின் பெயர் கல்லில் நிற்கிறது. வழியில் அவர்களுக்குத் தண்ணீரும் இளநீரும் கள்ளும் கொடுத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் கள், அரசு வருமானத்தின் ஒரு கணக்கானது. 1886இல் சென்னை மாகாணத்துக்கான ஆப்காரிச் சட்டம் வந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை மீட்டாக வேண்டும், அதனால் கடை பெருகியது. குடும்பங்கள் சீரழிந்தன. 1921இல் ஈரோட்டில் பெரியாரின் குடும்பத்துப் பெண்களே கள்ளுக்கடை மறியலில் நின்றார்கள், அவருடைய தோப்பில் தென்னைகள் வெட்டப்பட்டன. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் மாகாணம் முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது. 1971இல் கருணாநிதி அரசு விலக்கைத் தள்ளிவைத்தது. 1973இல் கள்ளுக்கடைகளையும் 1974இல் சாராயக் கடைகளையும் மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் இரண்டும் திறந்தன, 1987 பிறந்தபோது மறுபடி மூடின. 1983இல் உருவான டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. கள் அன்று மூடியது மூடியதுதான்.

நான் மதுவிலக்கின் நியாயத்தை மறுக்கிறவன் அல்ல. குடி கெடுத்த வீடுகளை இந்தக் கடற்கரையில் யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மீனவர்கள், கூலி வேலைக்காரர்கள். பாட்டில் வலைஞர் வீட்டில் சாடி விளைந்த அதே தொண்டைநாட்டுக் கரை இது. தொழிற்சாலைக்கு உரிய விஷம் இங்கே குடிக்கும் பொருளாக வந்து சேர்ந்திருக்கிறது. அந்தச் சாவுகளை நினைத்துக்கொண்டுதான் பழைய கள்ளைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

எனக்குள்ள குறை வேறு. கடையை மூடினோம், அது கொள்கை முடிவு. அதோடு மரமேறும் கலையும், வீட்டுச் சாடியின் பக்குவமும், ஊர் கூடிப் பேசிய முற்றமும் பற்றிய நினைவையும் சேர்த்தே மூடிவிட்டோம். எழுதி வைக்கவும் இல்லை. கேரளத்தில் கப்பையும் மீன்கறியும் பரிமாறும் கள்ளுக்கடைகள் இன்றும் நடக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வரும் புதுச்சேரியில் சட்டமே வேறு. நடுவில் இருக்கும் நம் கரையில், பெரும்பாணாற்றுப்படை சொன்ன வாசலுக்கு இணையாக ஒரு வாசலைக் காட்டச் சொன்னால் நாம் எதைக் காட்டுவோம்? ஜன்னல் கம்பி வழியே பாட்டிலை நீட்டும் கடையையா? அதற்கு முற்றம் இல்லை, பூ இல்லை, சமைக்கும் பெண்ணும் இல்லை. குடிக்கிறவன் அங்கே விருந்தாளியும் இல்லை.

முற்றத்தின் வேலையை இன்று செய்வது டீக்கடை. புதுப்பட்டினம் சாலையோரத்தில் காலை ஆறு மணிக்கு நின்றால் இது புரியும். 1971இல் தொடங்கிய அணு ஆராய்ச்சி மையமும் 1983இல் இயங்கத் தொடங்கிய அணுமின் நிலையமும் இந்தச் சிற்றூரை வேறு ஊராக மாற்றிவிட்டன. ஷிப்ட் முடிந்து வருகிறவர், ஒப்பந்த வேலைக்குப் போகிறவர், வலையை உலர்த்திவிட்டு வந்தவர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். “அண்ணா, ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை கம்மி” என்ற குரலுக்குக் கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. பட்டினம் என்ற சொல்லுக்குத் துறைமுக ஊர் என்று பொருள். பல திசையிலிருந்து வந்தவர்கள் ஒன்றாக உட்காரும் இடம் என்ற பொருளும் அதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது.

பனை இன்னும் நிற்கிறது. வாயலூர்க் கோயிலில் பல்லவர் தலைமுறைகளின் பெயர்களை நீளமாக அடுக்கி இராஜசிம்மன் வெட்டுவித்த தூணைப் பார்த்துவிட்டுப் பாலாற்றுப் பக்கம் நடந்தால் மணல்வெளியில் பனைகள் தெரியும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் சொட்டுவது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் அதுவே கள். முதலாவதைச் சாலையோரத்தில் விற்கலாம், இரண்டாவதை விற்றால் வழக்கு. மரமேறுகிறவர் கையில் உள்ள சுண்ணாம்பின் அளவுதான் சட்டத்தின் எல்லை. விரலில் எடுத்துக் கலயத்தின் அடியைச் சுற்றி ஒரு தடவு. கூடினால் பதநீர் கசக்கும், குறைந்தால் புளித்துவிடும்.

கோடைக்காலத்தில், பத்து மணிக்குள் தீர்ந்துவிடும் என்று தெரிந்தவர்கள் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். விற்கிற பெண்மணி ஓலையை மடித்து, நுனியை முடிந்து, பட்டையாக்கி இரண்டு கையிலும் ஏந்தக் கொடுக்கிறார். நுங்கைத் தோண்டி மேலே போட்டு, “மெதுவா குடிங்க சார், சட்டையில ஊத்திக்காதீங்க” என்கிறார். வண்டியில் வருகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று, ஒரு பச்சைப் பனைமட்டையைக் கழியில் கட்டி மணலில் நட்டு வைத்திருக்கிறார். கடற்காற்றில் அது ஆடிக்கொண்டே இருக்கிறது.